மலைக்குப் போனபோது எதிர்ப்பட்டவர்கள்: யார் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை?

வண்ணாரப்பேட்டைவாசி

நம்பி மலை, நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான். வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டும் சடங்கெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஜீப்புக்குக் கேட்ட காசு அதிகம் என்று ஒருத்தன் முறுக்கிக்கொண்டதால் திருக்குறுங்குடியிலிருந்து நடந்தே ஏறினோம். காலேஜ் செட். வேலை, பிள்ளை, கடன் என்று ஆளுக்கொரு திசையில் கிடப்பவர்கள்.

முதல் ஏற்றத்திலேயே ஒருத்தனுடைய புது ஷூவின் அடிப்பாகம் கழன்று வாயைப் பிளந்தது. இட்லிப் பொட்டலத்தைக் கட்டியிருந்த வாழைநாரை உருவி அதைச் சுற்றிக் கட்டினான். அடி வைக்கும்போதெல்லாம் ‘சப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தச் சப்புக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வயிறு வலித்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டோம்.

வளைவில் ஓர் ஆச்சி, பக்கத்தில் ஓலைப்பெட்டி, கோயிலுக்குப் போகிறவர். எங்களை ஒவ்வொருத்தனாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏய்யா, உங்கள்ல யாருக்குக் கல்யாணம் வச்சிருக்கு?”

“யாருக்கும் இல்ல ஆச்சி.”

“வேலை எதுவும் கெடச்சிருக்கா?”

“அதெல்லாம் இல்ல.”

“பின்ன, நேர்ச்சையா?”

“சும்மா வந்தோம் ஆச்சி.”

“சும்மாவா?” என்று மறுபடி கேட்டார். கிண்டல் இல்லை, பொறாமை இல்லை. யாராவது தெருவில் நின்று அழுதால் “யாருக்கு என்னாச்சு?” என்று விசாரிப்போமே, அந்தக் குரல். அப்புறம் அவரே லேசாகச் சிரித்துக்கொண்டு பெட்டியைத் தலையில் தூக்கி வைத்தார். எங்களுக்கு முன்னால் ஏறிப் போயும்விட்டார்.

இது ஏன் அரிக்கிறது என்றால், எங்கள் குரூப்பில் வரும் செய்திகளைப் பார்த்தாலே தெரியும். தீபாவளிக்கு வச்சுக்கலாம், பொங்கலுக்கு வச்சுக்கலாம், உன் வீட்டுப் பால்காய்ப்புக்கு வருவேன்லா, அப்பப் பார்க்கலாம். கடைசியில் எல்லாரும் சேர்ந்து நிற்பது யாருடைய அப்பாவாவது தவறிவிட்டால்தான். சும்மா என்று கிளம்பியது அந்த ஒரு தடவை. அதற்கே ஒருத்தர் காரணம் கேட்டுவிட்டார். உங்களுக்கும் இப்படி யாராவது இருப்பார்களே, எழுதுங்கள்.

களக்காட்டு மருமகள்

எனக்கு வெளி ஆள் இல்லை, கூட வந்தவர்தான். ஆபீஸில் என் எதிர் மேசை. களக்காட்டுத் தலையணைக்கு, காட்டாற்றில் குளிக்கிற இடம், பெண்களாகப் போனோம். செக்போஸ்ட்டில் “கூட ஆம்பள யாரும் வரலையா?” என்று வழக்கமான கேள்வி. “அவங்களுக்கு அங்க பாத்திரம் கழுவுற வேலை இருக்கு” என்றார் அக்கா. அந்த மனிதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தண்ணீரில் காலை வைத்ததும் அக்காவுக்கு வீட்டிலிருந்து போன். புளி எந்த டப்பாவில் இருக்கிறது? சொன்னார். ரெண்டு நிமிஷத்தில் மறுபடி. குக்கர் எத்தனை விசில்? சொன்னார். மறுபடி. மோட்டார் போட்டால் தண்ணி ஏறவில்லையாம்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, முட்டியளவு தண்ணீரில், பாறை பாறையாக மேல்நோக்கி நடந்தார். சிக்னல் தேடுகிறார் போல என்று நினைத்து, “அக்கா, இந்தப் பக்கம் வாங்க, இங்கதான் கிடைக்குது” என்று கத்தினேன். திரும்பிப் பார்த்து, “அது தெரிஞ்சுதாம்மா இங்க வாரேன்” என்றார். ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் போய், திரையைப் பார்த்து, கோடு ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போனைப் பையில் போட்டு மூடிவிட்டு, புடவையோடு தண்ணீரில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. எங்கள் இட்லியை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

திங்கட்கிழமை அதே மேசையில், அதே முகத்தோடு, “புளி ரெண்டாவது தட்டுல” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிளா

முதல் பதிவு போட்ட தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்தோம் என்கிறீர்கள். நீங்கள் சிரித்த இடம் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயம் ஆகி, இரண்டையும் சேர்த்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அது பூங்கா இல்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்புகிறோம். இருட்டுவதற்குள் இறங்கச் சொல்லித்தானே விடுவார்கள், அதனால் கொஞ்சம் வேகம். வளைவு திரும்பினால் ரோட்டு நடுவில் ஒரு மிளா, கடமான் என்பார்களே அது. பெண் மிளா, கொம்பு இல்லை. வண்டியை அணைத்தோம். காது ரெண்டும் முன்னால் நீண்டு, முன்னங்காலைத் தார் ரோட்டில் ஒரு தட்டு. அப்புறம் ‘டாங்க்’ என்று ஒரு கத்தல். எங்களைப் பார்த்துதான் பயப்படுகிறது என்று நண்பன் காதில் சொன்னான். இல்லை. அதன் கண் எங்கள் மேல் இல்லை. எங்கள் தோளுக்கு மேலே, பின்னால் எதையோ பார்த்தது.

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

அதனால் சொல்கிறேன். காட்டுக்குள் பேச்சைக் குறையுங்கள். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பளபளக்கும் சட்டை வேண்டாம், மரக்கலரில் போடுங்கள். சென்ட் அடிக்காதீர்கள். குரங்குக்கு மிக்சர் கொடுக்காதீர்கள், அது அப்புறம் காய் தேடாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து லாரியில் அடிபடும். மாஞ்சோலை ஏறும்போது காக்காச்சிப் பக்கம் சிங்கவால் குரங்கு பார்க்க வேண்டுமென்றால் ஹாரன் அடிக்காமல், வண்டியை ஓரங்கட்டி, மரத்து உச்சியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அது கீழே இறங்கி வந்து போஸ் கொடுக்கிற சாதி இல்லை. கருமந்தியைப் பார்த்துவிட்டு சிங்கவாலைப் பார்த்தேன் என்று பாதிப் பேர் படம் போடுகிறார்கள். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம், இது ரெண்டும் இருந்தால்தான் சிங்கவால். சாப்பிட்ட இலையைக்கூட அங்கே போடாதீர்கள், உப்பும் எண்ணெயும் பட்ட இலையை மிளா தின்னும். இதெல்லாம் யாரும் கேட்கவில்லை, தெரியும். சொல்ல வேண்டியது சொன்னேன்.

வண்ணாரப்பேட்டைவாசி

அண்ணாச்சி, நாங்கள் இருந்தது கோயிலுக்கு ஜீப் போகிற பாதை. புரட்டாசி சனிக்கிழமை வந்து பாருங்கள், கோவிந்தா சத்தத்தில் எங்கள் சிரிப்பு எந்த மூலைக்கு? ஸ்பீக்கர் எங்களிடம் இல்லவே இல்லை. உங்கள் பின்னால் நின்றதைத் திரும்பிப் பார்க்காமல் எப்படி வண்டியை எடுத்தீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

மிளா

மிளா அதுவாகத் துள்ளிக் காட்டுக்குள் போனது. நாங்கள் முன்னால் போனோம். கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. கோவிந்தா சத்தமும் அதிகம்தான், அதற்கும் என்னிடம் பதிவு இருக்கிறது.

ஊத்துப் பேரன்

என் ஆச்சி மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவர். நாலுமுக்கில் பிறந்து ஊத்தில் வாழ்ந்து, பெயருக்கு அம்பையில் வந்து கண்ணை மூடினார். அதனால் அந்த மலைக்குப் போவதை நான் டூர் என்று சொல்வதில்லை. ஆனாலும் நண்பர்கள் கேட்டார்கள் என்று பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை, 2028-இல் முடிகிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதற்கு முன்னாலேயே 2024-இல் கம்பெனி வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்குங்கள் என்றது. நாங்கள் போனது அதற்குப் பிறகு. பாதி லைன் வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாசல் ரோஜாவுக்குத் தண்ணி ஊற்ற ஆள் இல்லை.

ஒரு வீட்டு முன்னால் ஓர் அக்கா சாமான் கட்டிக்கொண்டிருந்தார். குத்துப்போணி, அரிவாள்மனை, பிள்ளைகள் வாங்கின கப்பு. பின்னால் தேயிலைச் சரிவு, அதற்கு மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. என் நண்பன் ஒருத்தன், நல்லவன்தான், போனை உயர்த்திக்கொண்டு, “அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்களேன், ஃபிரேம்ல வாரீங்க” என்றான்.

அவர் தள்ளி நின்றார். சாக்குப்பையையும் கூடவே இழுத்துக்கொண்டார். “இப்பச் சரியா தம்பி?” என்று கேட்டார்.

சரி என்றான். படம் எடுத்தான். நன்றாகத்தான் வந்திருந்தது. குரூப்பில் போட்டபோது எல்லாரும் ஹார்ட் விட்டார்கள். நான் இன்னும் அந்தப் படத்தைத் திறந்தால் வலது ஓரத்தைத்தான் பார்க்கிறேன், சாக்கின் ஒரு முனை தெரிகிறது.

அவனோடு பேச்சு நிற்கவில்லை, போன வாரம்கூட ஒன்றாக டீ குடித்தோம். சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், சொன்னதில்லை. மிளா அண்ணாச்சிக்கு: குரங்குக்கு எது கெடுதல் என்று இவ்வளவு தெரிந்திருக்கிறது, நல்லது. அந்த ரோட்டில் ஹாரன் அடிக்காமல், குப்பை போடாமல் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மிளா

எழுதியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. இதைத் தனியாகப் பேசலாம்.

குறுக்குத்துறை

எனக்கு முழங்கால் விடாது, மலை ஏறுவதில்லை. மலைதான் தாமிரபரணியாக இறங்கி வருகிறதே, அதில் தினமும் முங்குகிறோம், நாலைந்து கிழடுகள்.

2023 டிசம்பர் வெள்ளம். முருகன் கோயில் மண்டபத்தை மூடிக்கொண்டு ஆறு போனது, ஊரே பார்த்தது. தண்ணி வடிந்து, சேறு வழித்து, படி தெரிய ஆரம்பித்த ஒரு காலையில் மறுபடி போனோம். எங்களில் ஒருத்தர் வீடு தாழ்வான தெருவில். பீரோ, கட்டில், பேத்தி புஸ்தகம், எல்லாம் சேற்றில் என்று கேள்விப்பட்டிருந்தோம். என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “ஏவே, சோப்பு வச்சிருக்கீரா? எங்க வீட்டுச் சோப்பு இந்நேரம் புன்னக்காயல் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்” என்றார்.

ஒரு நிமிஷம் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவர் முதலில் சிரித்தார். இதுதான் என் கதை.

சிகரம்1868

இங்கே யாருமே உண்மையான மலையேற்றம் பற்றி எழுதவில்லை. நம்பி மலை, தலையணை எல்லாம் குடும்பத்தோடு போய் இட்லி சாப்பிடுகிற இடம். பொதிகை உச்சி, அகத்தியர் மலை, 1868 மீட்டர், அதுதான் மலை. நம்ம ஊர் மலை, ஆனால் பாபநாசம் பக்கத்திலிருந்து நாம் ஏற முடியாது. திருவனந்தபுரம் போய், போனக்காடு வழியாகக் கேரள வனத்துறை பதிவு வாங்கித்தான் போக வேண்டும். அதுவும் ஜனவரி மாதம் தொடங்குகிற சீசனில்தான். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறக்கும் நாளைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

என் அனுபவம் சின்னது. அதிருமலை முகாமில் படுத்துவிட்டு விடிந்ததும் ஏறினோம். பொங்காலப்பாறை தாண்டி, கடைசியில் கயிறு பிடித்து ஏறுகிற மொட்டைப் பாறை. மேலே அகத்தியர் சிலை. மேகம் ஒரு நிமிஷம் விலகியபோது கிழக்கே காரையாறு அணை பளிச்சென்று தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மலையாளப் பெரியவர் என் கையைப் பிடித்து, “உங்க ஊரு வெள்ளம்” என்றார், வெள்ளம் என்றால் அவர்கள் பாஷையில் தண்ணீர். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

இப்போது போகிறவர்களுக்கு. ஒரு மாதம் முன்னாலேயே தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்கள். புது ஷூ போடாதீர்கள், முதல் பதிவைப் பார்த்தீர்கள்தானே. பருத்தி சாக்ஸ் நனைந்தால் கொப்புளம் வரும், ரெண்டு ஜோடி மாற்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் பாதியைக் கழித்துவிட்டுப் பிறகு இன்னும் கொஞ்சம் கழியுங்கள். ஏறும்போது வாயால் மூச்சு விடாதீர்கள். கயிற்றில் ஒரு நேரம் ஒருத்தர். இறங்கும்போதுதான் முட்டி போகும், பக்கவாட்டில் கால் வையுங்கள். அட்டை ஏறினால் பயப்பட வேண்டாம், ஒரு துணியில் உப்புக் கட்டி வைத்துக்கொண்டு ஒற்றினால் விழுந்துவிடும். பெண்களுக்கும் 2019-இலிருந்து தடை இல்லை.

அம்பை டீச்சர்

சிகரம் தம்பி, உப்பு விஷயத்தில் மட்டும் குறுக்கிடுகிறேன். உப்பை ஒற்றினால் அட்டை வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும், புண் சீழ் வைக்கும். நகத்தை வாய்ப் பக்கம் சாய்வாக வைத்துத் தள்ளினால் போதும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உடனே நிற்காது, அட்டை எச்சில் அப்படி. பிள்ளைகளை மணிமுத்தாறு பக்கம் கூட்டிப்போய்க் கற்றுக்கொண்டது.

இட்லி சாப்பிடுகிற இடம் என்று எழுதியதும் எனக்குப் பிடிக்கவில்லை. களக்காட்டு மருமகள் சொன்ன அக்கா ஏறிய பாறை உங்கள் கயிற்றுப் பாறையைவிட ஒன்றும் தாழ்வில்லை.

சரி, அது இருக்கட்டும். அடுத்த சீசனுக்கு நாங்கள் ரிட்டயர்டு டீச்சர்கள் நாலு பேர் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். உச்சி இல்லாவிட்டாலும் அதிருமலை வரையாவது. வயசுச் சான்று, டாக்டர் சான்று என்னென்ன கேட்கிறார்கள்? அங்கே ராத்திரி கஞ்சி கிடைக்குமா, நாங்களே ஏதாவது கட்டிக்கொண்டு போக வேண்டுமா?