தேய்மானம்தானே, அப்புறம் ஏன் முட்டி வீங்குது? வெள்ளை அணுவுக்கு அங்க என்ன வேலை?

சும்மா_ஒருத்தன்:
அம்மாவுக்கு 63 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். போன வாரம் வலது முட்டி பொம்முனு வீங்கி மடக்கவே முடியல. டாக்டர் ஊசி குத்தி நீர் எடுத்தாரு, பக்கத்துலதான் நின்னேன், வெளிர் மஞ்சளா தெளிவா இருந்துச்சு, சிரிஞ்சு முனையில இருந்து சொட்டும்போது நூல் மாதிரி நீளமா இழுத்துச்சு. ரிப்போர்ட்ல வெள்ளை அணு 900னு போட்டிருக்கு. கிருமி இல்ல, முடக்குவாதம் இல்ல, தேய்மானம்தான், மூட்டு உள்சவ்வுல கொஞ்சம் அழற்சினு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டுட்டாரு. தேய்மானம்னா செருப்பு தேயுற மாதிரினு நினைச்சிட்டிருந்தேன், செருப்பு தேஞ்சா வீங்குமாங்க? இம்யூனிட்டி கம்மியானா வர்றதா இது, ஜாஸ்தியானா வர்றதா? மாமா வேற இம்யூனிட்டி ஏத்துற பவுடர்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்து வச்சிட்டாரு.

பிப்பெட்_பிடிச்சவ:
செருப்புக்கு உயிர் இல்ல, முட்டிக்கு இருக்கு, அதான் வித்தியாசம் 🙂 நான் லேப்ல மூட்டுச் சவ்வு சாம்பிள் பாக்குறவ, தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல அந்த 900. நல்ல முட்டி நீர்ல ஒரு கன மில்லிமீட்டருக்கு 200க்குள்ளதான் இருக்கும். முடக்குவாதம்னா பொதுவா 2000 தாண்டிரும். அம்மாவோடது நடுவுல நிக்குது, அதாவது தீ பிடிக்கல, உள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கு. நூல் மாதிரி இழுத்துச்சுனு சொன்னீங்கள்ல, அதுவும் நல்ல அடையாளம், அழற்சி பலமா இருந்தா நீர் தண்ணியா சொட்டிரும்.

தேயுறது குருத்தெலும்பு, அதாவது எலும்பு முனைய மூடியிருக்குற வழவழப்பான உறை. அதுக்கு ரத்தக்குழாயும் கிடையாது நரம்பும் கிடையாது, அதனால அது தேயுறது மட்டுமே வலிக்கவோ வீங்கவோ செய்யாது. சுத்தி இருக்குற உள்சவ்வுதான் ஆட்டம் போடுறது. அதுல மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை செல் எப்பவுமே குடியிருக்கும், உதிர்ந்தத தின்னு சுத்தம் பண்றதுதான் வேலை. குருத்தெலும்புல இருந்து துணுக்கு உதிர்ந்து நீர்ல மிதக்கும்போது, கிருமியக் கண்டா தட்டுற அதே ஸ்விட்ச இந்த துணுக்கும் தட்டிவிட்ருது. டிஎல்ஆர்-4னு அதுல ஒண்ணு. உடனே ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப்னு சிக்னல் கிளம்பும், அத கேட்டு குருத்தெலும்பு செல்லே எம்எம்பி-13 மாதிரி நொதிய சுரந்து தான் கட்டின கொலாஜன (குருத்தெலும்புக்கு பலம் கொடுக்குற புரத நார்) தானே வெட்டும், வெட்டினா இன்னும் துணுக்கு, துணுக்குக்கு இன்னும் மேக்ரோஃபேஜ். குப்ப கூட்டுறேன்னு தரையையே பேத்துடுது.

மாத்து மூட்டு ஆபரேஷன்ல எடுத்த சவ்வ ஸ்லைடு போட்டு பாத்தா நல்லாவே தெரியும், ஒண்ணு ரெண்டு செல் அடுக்கா மெல்லிசா இருக்க வேண்டியது சில இடத்துல நாலஞ்சு அடுக்கா தடிச்சு, புதுசா ரத்தக்குழாய் ஓடி, குழாய் ஓரத்துல டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு கும்பலா உக்காந்திருக்கும். எல்லார்கிட்டயும் இப்டி இருக்காது, சிலர் சவ்வு கிட்டத்தட்ட சாதாரணமாவே இருக்கும்.

இம்யூனிட்டி கம்மியா ஜாஸ்தியானு கேட்டீங்க, ரெண்டும் இல்ல, வேலைய முடிச்சிட்டு அடங்க வேண்டியது அடங்காம நிக்குது. பவுடர் எல்லாம் இதுக்கு ஆகாது.

எதிர்க்கேள்வி:
கேக்க நல்லாருக்கு, ஆனா அப்டி ஐஎல்-1தான் காரணம்னா அத அடைச்சா சரியாகணுமே? ஐஎல்-1ஐ அடைக்கிற அனாகின்ராங்கிற மருந்த முட்டிக்குள்ளயே ஊசியா போட்டு பாத்தாங்க, 2009ல ரிசல்ட் வந்துச்சு, டம்மி ஊசிய விட பெருசா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. ஐஎல்-1ஐ அடைக்கிற இன்னொரு மருந்து லூட்டிகிசுமாபும் அதே கததான். அழற்சி காரணமா, இல்ல தேய்மானத்தோட பின்விளைவானு இன்னும் சண்ட ஓடுது.

பிப்பெட்_பிடிச்சவ:
நியாயமான கேள்வி. ஒரு வழிய அடைச்சா இன்னொரு வழியில போகுதுனுதான் எனக்கு படுது, அதோட ட்ரையலுக்கு வர்றவங்கள்ல பல பேருக்கு முட்டி ஏற்கெனவே ரொம்ப கெட்டிருக்கும். இதயத்துக்காக 10,000 பேருக்கு மேல சேத்து, ஐஎல்-1ஐ அடைக்கிற கனாகினுமாப்ங்கிற மருந்த சோதிச்ச ட்ரையல்ல பின்னாடி கணக்கு பாத்தப்ப, மருந்து எடுத்தவங்கள்ல இடுப்பு, முட்டி மாத்து ஆபரேஷன் குறைவா இருந்துச்சு. ஆனா அது அந்தக் கேள்விக்காக நடத்தின ட்ரையல் இல்ல, அதனால நானும் அதுமேல சத்தியம் பண்ண மாட்டேன்.

முட்டி_பிசியோ:
நடுவுல வர்றேன். உடம்பு எடை கூடினவங்களுக்கு கை விரல் மூட்டுலயும் தேய்மானம் அதிகமா வருது, கையால யாரும் நடக்கிறதில்லையே, அப்ப பாரம் மட்டும் காரணம் இல்ல, கொழுப்புல இருந்து கிளம்புற அழற்சி சிக்னலும் சேருது. எடை குறைஞ்சா ரெண்டுமே குறையும்.

வீக்கம் இருக்குற வரைக்கும் ஐஸ் வைங்க, குந்துற வேலை வேணாம், ஆனா படுக்கவச்சிராதீங்க. முட்டியில நீர் இருந்தாலே தொடை முன்தசை சரியா இறுகாது, சும்மா விட்டா சூம்பிடும், வலி கம்மியானதும் காலை நீட்டி தசைய இறுக்கிப் பிடிச்சு விடுற பயிற்சிய ஆரம்பிங்க. ஸ்டெராய்டு ஊசிய பத்தி டாக்டர் பேசினா ஒண்ணு ரெண்டு போடுறதுல தப்பில்ல, ஆனா மூணு மாசத்துக்கு ஒண்ணுனு 2 வருஷம் போட்டு பாத்த ஆய்வுல (2017) குருத்தெலும்பு இன்னும் கொஞ்சம் கூடுதலா கரைஞ்சுச்சு, வலியும் உப்புத்தண்ணி ஊசி போட்டவங்கள விட குறையல.

காய்ச்சல் வந்து முட்டி செவந்து சூடா இருந்தா மட்டும் காத்திருக்காம அன்னிக்கே ஓடுங்க.

சும்மா_ஒருத்தன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அம்மாகிட்ட படிச்சு காட்டினேன், "நான் நடந்து தேச்சது இல்லைல, அத சொல்லு மொதல்ல உங்கப்பாகிட்ட"ங்கிறாங்க. டப்பா இன்னும் பிரிக்கல, மாமாவுக்கே திருப்பிக் கொடுத்துடலாம்னா அவருக்கும் முட்டி வலிதான்.