மனப்பாடம் மறக்கிற வேகத்துக்கு எந்தச் சார்பு பொருந்தும்?

பாம்பன்பிள்ளை:
ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகைக் கட்டிப்போட்ட அன்று, சும்மா இருப்பானேன் என்று தேர்வுக்காக 40 மீன்களின் லத்தீன் பெயர்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தேன். (சீலா, நகரை, ஊளி என்று தமிழில் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன், அது வேற.) மறுநாள் எழுதிப் பார்த்தால் 25, ஏழாம் நாள் 14. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளில் எட்டில் ஐந்து பங்கு மிஞ்சுகிறது என்று அடுக்குக்குறிச் சார்பு போட்டால் ஏழாம் நாளில் ஒன்றரைப் பெயர்தான் வருகிறது, கணக்கு உதைக்குது. படகு திரும்ப இறங்க 61 நாள். அன்றைக்கு எத்தனை ஞாபகம் இருக்கும்?

கச்சான்காத்து:
தம்பி, விகிதமுறு சார்பு போடுங்க, அதாவது ஒரு கோவையை இன்னொன்றால் வகுக்கிற பின்னம். நாளை ந என்று வைத்தால் (10ந + 40) ÷ (ந + 1). ந = 0 என்றால் 40, 1 என்றால் 25, 7 என்றால் 13.75. பகுதி (பின்னத்தின் கீழ்ப்பாகம்) பூச்சியமாவது ந = −1இல், அது நமக்கு வேண்டாம்.
இதையே 10 + 30 ÷ (ந + 1) என்று பிரித்து எழுதினால் விஷயம் புரியும். 10 என்பது தொலைத்தொடுகோடு, அதாவது வளைவு நெருங்கிக்கொண்டே போனாலும் தொடாத மட்டம்; மறக்கக்கூடியது மிச்ச 30. அது பாதியாக 1 நாள், அதில் பாதியாக இன்னும் 2 நாள், அதிலும் பாதியாக 4 நாள் என்று மறதி சோம்பலாகிக்கொண்டே போகும். அடுக்குக்குறியில் ஒவ்வொரு பாதிக்கும் ஒரே நேரம்தான், அதனால்தான் உங்களுக்கு உதைத்தது. 61ஆம் நாள் 10.48, சரி, பத்துப் பெயர்.

வாடைக்காத்து:
அண்ணே, மூன்று புள்ளிக்கு மூன்று மாறிலி வைத்தால் எந்த வளைவும் உட்காரும். அந்த 10 எங்கிருந்து வந்தது? 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, திரும்பப் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார்: ஒரு மணி நேரத்தில் 44 சதவீதம், ஒரு நாளில் 34, 31 நாளில் 21. உங்கள் சார்பை 100இல் தொடங்கி, 21ஐத் தொலைத்தொடுகோடாக வைத்து, ஒரு மணி நேரத்துக்குப் பொருத்தினால் ஒரு நாளிலேயே 22க்கு இறங்கிவிடும். அவரும் பின்னம்தான் எழுதினார், ஆனால் பகுதியில் நேரத்துக்குப் பதில் அதன் மடக்கை (log).
தம்பி, ஏழாம் நாள் எழுதிப் பார்த்த பிறகு தப்பானதைத் திருத்தினீங்களா?

பாம்பன்பிள்ளை:
ஆமாம், நாற்பதையும் சரியாகச் சொல்கிற வரைக்கும் படித்தேனே.

வாடைக்காத்து:
அப்போ அன்றைக்குத்தான் ந = 0. வளைவும் பழையபடி இருக்காது, இந்தத் தடவை மெதுவாக இறங்கும். புதுசாக எழுதிப் பார்த்து எண்களைப் போடுங்க.