டர்பனில் ஆராய்ச்சிப் படிப்பு: சாட்ஸ்வொர்த்தில் தங்குவதா, வளாகத்துக்குப் பக்கத்திலா?

கேட்டவர்: நாகர்கோவில் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் வேதியியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். இப்போதைக்கு ஒரு சீனியரின் அறையில் ஒண்டியிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் இடம் பார்த்தாக வேண்டும்.

இரண்டு இடங்கள் அமைந்திருக்கின்றன. ஒன்று இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டியிருக்கும் அவுட்பில்டிங். வாடகை 3,200 ராண்ட். அந்த வீட்டு ஆன்ட்டி இரவுச் சாப்பாடும் தருகிறேன் என்கிறார். இன்னொன்று வளாகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், நைஜீரியா, ஜிம்பாப்வே மாணவிகளோடு பங்கு போட்டுக்கொள்ளும் வீடு. அதற்கு 4,900 ராண்ட். சமையல் நாமே செய்துகொள்ள வேண்டும். ஆய்வகத்தில் இருந்து நான் கிளம்பவே இரவு எட்டு மணி ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆன்ட்டி வீட்டில் காமாட்சி விளக்கு எரிகிறது, முருகன் படம் இருக்கிறது, தேவாரம்கூடப் பாடினார்கள். ஆனால் நான் தமிழில் பேசினால் ஒருவருக்கும் புரியவில்லை. திரும்பி வரும்போது அழுகை வந்துவிட்டது. தமிழர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊர் என்று நம்பித்தான் அம்மா என்னை அனுப்பினார். எங்கே தங்கினால் மனம் நிலைக்கும்? (ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் ப்ளக் இங்கே எதிலும் நுழையவில்லை. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.)

பதில்: வெஸ்ட்வில் அக்கா

அன்புத் தங்கைக்கு, முதல் வருடம் வளாகத்தின் பக்கத்திலேயே இருங்கள். அதே வளாகத்தில் உயிர்வேதியியலில் பட்டம் முடித்து, இந்த ஊரிலேயே வேலை பார்ப்பவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

1,700 ராண்ட் வித்தியாசம் கையைக் கடிக்கும்தான். போக்குவரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வரைபடத்தில் சாட்ஸ்வொர்த்தும் வெஸ்ட்வில்லும் பக்கத்தில் இருப்பதாகத் தெரியும். மினிபஸ் டாக்ஸியில் (பலர் சேர்ந்து ஏறிப் போகும் வேன்) போனால் பெரும்பாலும் நகர மையத்துக்கு வந்து, வார்விக் சந்திப்பில் வேறு வண்டி மாற வேண்டும். பகலில் வார்விக் எனக்கு மிகவும் பிடித்த இடம். மூலிகைக் கடைகளும் அதிகாலைச் சந்தையும் ஒருமுறையாவது சுற்றிப் பார்க்க வேண்டியவை. ஆனால் இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக அங்கே இறங்கி வண்டி மாறுவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். வேதியியல் ஆய்வு கடிகாரத்தைப் பார்த்து முடிவதில்லை. கடைசி வண்டியை நினைத்துச் சோதனையைப் பாதியில் நிறுத்தும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது. இரவில் வளாகத்திலிருந்து வீடு வரை நடப்பதானாலும் துணையோடு நடங்கள்.

பகலில் மினிபஸ் டாக்ஸிக்குப் பயப்பட வேண்டாம். சாலையோரம் நின்று ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் நகரத்துக்குப் போகும் வண்டி நிற்கும். உட்கார்ந்ததும் முன்வரிசையில் இருப்பவரின் தோளைத் தொட்டுப் பணத்தை நீட்டுங்கள். அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போய், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருபவர்தான் பல வண்டிகளில் எல்லோருக்கும் சில்லறை பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பழகும்வரை பின்னால் உட்காருங்கள். 200 ராண்ட் தாளை நீட்டாதீர்கள். சிக்னலை இங்கே ரோபோட் என்பார்கள். 'ரோபோட் தாண்டி' என்று உரக்கச் சொன்னால் அங்கே நிறுத்துவார்கள். கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மிக்ஸி ஓடும். இங்கேயும் நம் ஊர்போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். நம் வீடுகளில் கீசருக்கும் ஏசிக்கும் இருக்கும் பெரிய மூன்று பின் ப்ளக்தான் இங்கே எல்லாச் சுவரிலும். சின்ன பின்னுக்கு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகையில் மின்சாரம் சேர்த்தியா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ப்ரீபெய்ட் மீட்டராக இருந்தால், சூப்பர் மார்க்கெட் கல்லாவில் பணம் கட்டியதும் 20 இலக்க எண் அச்சிட்ட சீட்டு ஒன்று தருவார்கள். அதை மீட்டரில் ஒவ்வோர் இலக்கமாகத் தட்டினால் யூனிட் ஏறும். கீசரை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் யூனிட் கரைந்துபோகும். பங்கு வீடுகளில் சண்டை வருவதே இதனால்தான், முதல் வாரமே பேசி முறை வகுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வளாகத்துக்குப் போகாதீர்கள். சுற்றிலும் காடு, வெர்வெட் குரங்குகள் சமையலறைக்குள் நேராக வந்துவிடும். ரொட்டிப் பாக்கெட்டைப் பிரிப்பது அவற்றுக்குக் கைவந்த கலை.

வாரக் கடைசியில் பகலிலேயே சாட்ஸ்வொர்த் போய் வாருங்கள். பங்களாதேஷ் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் புதிதாகக் கிடைக்கும். அந்த ஆன்ட்டியின் உறவை விட்டுவிடாதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாட்ஸ்வொர்த்

மகளே, போக்குவரத்தைப் பற்றி அக்கா சொன்னது சரி. எனக்கென்னவோ, உடம்புக்கு முடியாத நாளில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு வீடு இருப்பதற்கும் விலை உண்டு. முடிவு உன்னுடையது.

தமிழைப் பற்றி நீ எழுதியதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து எங்கள் முன்னோரை இங்கே கொண்டுவந்து இறக்கியது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள், தங்கள் கைக்காசைப் போட்டுக் கோவிலும் அதன் பக்கத்தில் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். பிறகு, 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து எங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியது. வேலைக்கும் பள்ளிக்கும் ஆங்கிலமே கதி என்றானது. பாட்டிமார் கண்ணை மூட மூட, வீட்டில் பேச்சுத் தமிழும் போயிற்று.

போகாமல் நின்றவையும் உண்டு. தைப்பூசக் காவடி, ஆடிக் கூழ், புரட்டாசி முழுவதும் மரக்கறிச் சாப்பாடு. நீ கேட்ட தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறவர்கள் இங்கே ஏராளம். பொருள் தெரியாமல் பதிகத்தை நெஞ்சில் ஏற்றுவதற்கு எவ்வளவு பற்று வேண்டும் என்று நினைத்துப் பார். இந்த நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த ஆன்ட்டியைப் பார்த்து அழாதே, அவருடன் சேர்ந்து பாடு.

நீ படிக்கும் இடத்தின் கதையையும் தெரிந்துகொள். இனஒதுக்கல் அரசு 1961இல் இந்தியர்களுக்கென்று ஒரு தனிக் கல்லூரியை டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சால்ஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கியது. நான் படகில் போய்ப் படித்தவன். 1972இல்தான் அது வெஸ்ட்வில்லுக்கு மாறியது. 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. உன் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. கப்பலில் வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் பதிந்த பட்டியல்களை அங்கே பார்க்கலாம். வட ஆர்க்காட்டு ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும்.

எங்கள் கோவிலில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறோம். உச்சரிப்பு திருத்த உன்னைப் போன்ற ஒருத்தி வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

கேட்டவர்: நாகர்கோவில் மாணவி

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. தங்குவது வளாகத்தின் பக்கத்தில் என்று முடிவு செய்துவிட்டேன். ஐயா, சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன். ஆன்ட்டியிடமும் சொல்லிவிட்டேன், அவரே காரில் கோவிலுக்கு அழைத்து வருவாராம். ஒரு சந்தேகம்: வீட்டுக்காரர் இரண்டு மாத முன்பணத்தை ரொக்கமாகக் கேட்கிறார், ரசீது எதற்கு என்கிறார். இது இங்கே வழக்கமா?

பதில்: யாழ்ப்பாணத்துத் தம்பி, ஹோவர்ட் காலேஜ் வளாகம்

அக்கா, ரசீது இல்லாமல் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி ரசீது கேட்பதும், ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்பதும் உங்கள் உரிமை. முன்பணத்தை அவர் வட்டி தரும் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். குடிபுகும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, உடைசல், கறை, ஒழுகல் எல்லாவற்றையும் எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது நீங்கள் கட்ட வேண்டிய பாக்கியோ சேதமோ இல்லையென்றால் 7 நாளுக்குள் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். தகராறு என்றால் வாடகைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

அந்த ஒப்பந்தம் வேறு வேலைக்கும் உதவும். வங்கிக் கணக்குத் திறக்கவும் சிம் பதியவும் முகவரிச் சான்று கேட்பார்கள். விசா முடியும் தேதியையும் இன்றே குறித்துவையுங்கள். நீட்டிப்பதற்கு அந்தத் தேதிக்கு 60 நாளாவது முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்காரர் ரசீதுக்கு மறுத்தால் இங்கே எழுதுங்கள், எங்கள் பக்கம் காலியாகும் அறைகளை விசாரித்துச் சொல்கிறேன்.