டைல்ஸுக்கு மேட்சாக ஒரு கண்ணாடி அலமாரி: பட்டவர்கள் சொன்னவை

கோலமாவு:

மேற்கு மாம்பலத்தில் முப்பது வருடப் பழைய பிளாட் எங்களுடையது. மூன்று வருடம் முன்பு பாத்ரூமை இடித்துப் புதுப்பித்தோம். அதுவரை இருந்தது வெளிர் நீல டைல்ஸ், நடுவில் ஒரே ஒரு டைல்ஸில் துள்ளுகிற டால்பின். அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்களுக்கு அந்த டால்பினைத் தெரிந்திருக்கும்.

புதிதாகப் போட்டது சாம்பல் நிற மேட் டைல்ஸ். வாஷ்பேசின் சுவரில் மட்டும் கரும்பச்சை. எல்லாம் முடிந்து குழாய்க்காரர் போனபிறகு, பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் அலமாரியைத் திரும்ப மாட்டினோம். கண்ணாடிக் கதவும் பக்கத்தில் பிரஷ் வைக்கக் குழியும் உள்ள அதே பழைய மாடல்தான். பட்டுப் புடவைக்கு நைட்டி ரவிக்கை போட்ட மாதிரி இருந்தது.

அப்போது வீட்டில் கிச்சன் வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. கார்பென்டர், "இதுக்குத் தனியா எதுக்கும்மா செலவு? மிச்ச பிளைவுட்லயே அடிச்சிடலாம், மைக்கா மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார். டைல்ஸைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் தப்பு அது. கடையின் வெள்ளை டியூப்லைட்டில் அச்சு அசல் அதே பச்சை. வீட்டுக்கு வந்து, பாத்ரூமில் ஆசைப்பட்டுப் போட்டிருந்த மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தால், அதிகம் வெந்துபோன முருங்கைக்கீரை. அதற்குள் மைக்காவை வெட்டிவிட்டார்கள், ஒட்டியும் விட்டார்கள்.

சரி, நிறம்தானே, பழகிவிடும் என்று விட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் கதவு சரியாக மூடவில்லை. குனிந்து அடிப்பலகையைப் பார்த்தேன். மேலேயும் பக்கங்களிலும் மைக்கா பளபளவென்று இருக்கிறது, அடியில் மட்டும் வெறும் கட்டை. 'யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டிருக்கிறார். பிரஷ் வைக்கும் டம்ளரில் இருந்து சொட்டிய தண்ணீர் ஓரமாக இறங்கி, அடிப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. பிளைவுட் அடுக்கு அடுக்காக விரிந்து, டீயில் நனைத்த பட்டர் பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது பழுப்புத் தூளும் ஒரு பூச்சியும்.

மைக்கா மட்டும் அப்படியே இருந்தது. அந்த முருங்கைக்கீரை நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது இரண்டாவது அலமாரி மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இதே மாதிரி கலர் மேட்ச் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்களேன்.

பட்டறைவாசி:

மேடம், உங்கள் கார்பென்டர் மேல் கோபப்படாதீர்கள், கொஞ்சம் மட்டும் படுங்கள். கிச்சன் கதவுக்கு வாங்குகிற சாதா கமர்ஷியல் பிளைவுட் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பாத்ரூமுக்கு என்றால் பலகையின் மேல் ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்க வேண்டும், தண்ணீர் தாங்குகிற பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது. மெரைன் பிளை என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் 710 போட்டாலும் வெட்டிய ஓரம் திறந்திருந்தால் தண்ணீர் அதன் வழியாகத்தான் போகும். ஆறு பக்கமும் மூட வேண்டும், திருகு போடுகிற ஓட்டை உட்பட. மர நாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை பக்கமே போகாதீர்கள்.

நான் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிறவன். பதினைந்து வருடத்தில் நான் அடித்த பாத்ரூம் அலமாரிகளில் திரும்பி வந்தவற்றில் பாதிக்குமேல் பலகை கெட்டு வரவில்லை. கண்ணாடி கெட்டு வந்தவை. ஓரத்தில் கறுப்பாகப் படர ஆரம்பிக்கும், ரசம் போய்விட்டது என்போமே அது. எப்போதும் கீழ் ஓரத்தில்தான் தொடங்கும். கண்ணாடியில் தெறித்த தண்ணீர் வழிந்து பிரேமின் பள்ளத்தில் நிற்கும், அங்கிருந்து பின்பக்கப் பூச்சுக்குள் ஏறும். அதனால் கண்ணாடியை பிரேமில் நேராக உட்கார வைக்க மாட்டேன். அடியில் இரண்டு சின்ன ரப்பர் துண்டு வைத்து மூன்று மில்லிமீட்டர் தூக்கிவிடுவேன். பிரேமின் அடியில் தண்ணீர் வெளியேற இரண்டு ஓட்டை.

இன்னொன்று, நம் ஆட்களே செய்கிற தப்பு. கண்ணாடியை ஒட்டுவதற்குக் கையில் கிடைத்த சிலிகானை எடுத்துவிடுவார்கள். பிதுக்கும்போது வினிகர் வாசனை வந்தால் அது அசிடிக் வகை. அந்த அமிலமே ரசத்தை அரித்துவிடும். நடுவில் பொட்டுப் பொட்டாகக் கறுத்தால் பின்னால் அந்த சிலிகான்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 'நியூட்ரல்' என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியத்துக்குப் பவுடர் கோட்டிங்தான் சரி. சுமார் 200 டிகிரியில் வேகவைத்து எடுப்பது, பெயின்ட் மாதிரி உரியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் போட்ட ஆர்ஏஎல் கார்டில் பார்த்துச் சொல்லிவிட்டால் நிறம் நூல் பிசகாது. ஆனால் உங்கள் ஒரே ஒரு அலமாரிக்காக யாரும் புதுக் கலர் ஏற்றி அடுப்பைச் சூடு பண்ண மாட்டார்கள். "இன்னிக்கு என்ன கலர் ஓடுதோ அதுல போட்டுக்கோங்க" என்பார்கள். பத்து நாள் பொறுத்தால், வேறு யாராவது அந்தக் கலரில் கிரில் கேட்டிருப்பார்கள், அதோடு சேர்த்துப் போட்டுவிடலாம். என் வாடிக்கையாளர் ஒருவரின் பாத்ரூம் அலமாரியும் யாரோ ஒருவர் வீட்டு வாசல் கேட்டும் ஒரே நீலம்.

இரண்டாங்கட்டு:

காரைக்குடிப் பக்கம் எங்க ஆயா வீடு. பின்கட்டில் பிற்பாடு சேர்த்த பாத்ரூம். தரையில் ஆத்தங்குடிக் கல் போட்டிருக்கிறது, மஞ்சளும் சிவப்பும் கலந்த பூ. அதற்கு மேட்சாக அலமாரி வேண்டும் என்று எனக்கு ஆசை. கதவிலேயே இரண்டு கல்லை ஒட்டிவிட்டால் என்ன என்று கொத்தனாரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். பத்து இஞ்ச் கல் ஒன்று இரண்டரை, மூன்று கிலோ. "இதைக் கதவுல ஒட்டி, கதவைக் கீலுல மாட்டி, கீலை எதுல அடிக்க?" என்றார்.

அது சுட்ட டைல்ஸ் இல்லையே. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்துக் கலர் சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. பாரம் இருக்கத்தான் செய்யும்.

அப்புறம் அவரே வழி சொன்னார். பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிமன். வாஷ்பேசினுக்கு நேராக ஒரு மாடம் ஏற்கெனவே இருந்தது, விளக்கு வைத்து வைத்துக் கரி பிடித்துக் கிடந்தது. அதையே சதுரமாக்கி, உள்ளே பின்சுவருக்கு ஆத்தங்குடிக் கல் பதித்து, உடைந்த ஜன்னலின் தேக்குச் சட்டத்தைக் கதவாக்கி, அதில் கண்ணாடி போட்டோம். மூடியிருந்தால் சாதாரணக் கண்ணாடி. திறந்தால் பேஸ்டுக்குப் பின்னால் பூ. வருகிறவர்கள் பேஸ்ட் எடுக்கப் போய் "அட" என்பார்கள், நான் வெளியே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிளாட்டில் சுவரைக் குடையக் கிளம்ப வேண்டாம். நாலரை இஞ்ச் சுவரில் நாலு இஞ்ச் குடைந்தால் பக்கத்து அறைக்காரர் உங்கள் பிரஷை எடுத்துப் பல் விளக்கலாம். ஒன்பது இஞ்ச் சுவர் என்றாலும் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஒரு நஷ்டமும் உண்டு. வீடு கழுவ வந்த அம்மா தரையில் ஆசிட் ஊற்றிவிட்டார். ஊற்றிய இடத்தில் சிமென்டின் பளபளப்பு போய், இன்றைக்கும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. மாடத்துக்குள் இருக்கிற கல்தான் இப்போது வீட்டிலேயே புதுசு மாதிரி.

ஓட்டைவீரன்:

என் கதை சின்னது. கோவையில் புது வீடு. டைல்ஸ் கலருக்கே தேடி வாங்கிய அலமாரி. ஆள் கூப்பிட்டால் ஓர் ஓட்டைக்கு இவ்வளவு என்று கேட்பார்களே என்று நானே டிரில் எடுத்தேன். டைல்ஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லின் ஹேமர் அடியை நிறுத்திவிட்டு, கண்ணாடி துளைக்கிற பிட் போட்டு மெதுவாக, எல்லாம் படித்தபடியே செய்தேன். டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. நாலாவது ஓட்டையில் மூக்குக்கு நேராகத் தண்ணீர் பீச்சியது. சுவருக்குள் கீசருக்குப் போகிற சிபிவிசி பிளாஸ்டிக் பைப்.

மோட்டாரை அணைக்கலாம், மொட்டைமாடி டேங்கை எப்படி அணைப்பது? வால்வு எது என்று தெரியாமல் மனைவி மேலே நின்று ஒவ்வொன்றாகத் திருக, நான் கட்டைவிரலை ஓட்டையில் வைத்துக்கொண்டு கீழே. இரண்டு டைல்ஸை உடைத்து பைப் மாற்றினார்கள். அதே டைல்ஸ் மறுபடி வாங்கினால் பேட்ச் வேறு, நிறம் அரை மாத்து குறைவு. அதனால் அந்த அழகான அலமாரியை விற்றுவிட்டு, ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய அலமாரி வாங்கினோம். அது எதற்கும் மேட்ச் இல்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, டைல்ஸ் ஒட்டுவதற்கு முதல் நாள், பைப் தெரிகிற சுவரைப் பக்கத்தில் டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள்.

பொங்கோல்வாசி:

சிங்கப்பூரில் எங்கள் கதை தலைகீழ். வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகத்தின் புது வீட்டில் முதல் மூன்று வருடம் குளியலறைத் தரையையும் சுவர் டைல்ஸையும் மாற்றக்கூடாது. நீர் கசியாமல் போட்ட பூச்சு கெட்டுவிடும் என்பதற்காக. ஆக டைல்ஸ் அவர்கள் கொடுத்த மங்கல் பழுப்புதான், அலமாரி மட்டும்தான் நம் இஷ்டம். வெள்ளை அலமாரி வாங்கி, மரக்கோடு போட்ட வினைல் ஸ்டிக்கர் நானே ஒட்டினேன். நாலு மாதம் ராஜா மாதிரி இருந்தது. பிறகு சுடுதண்ணீர் ஆவியில் மூலைகள் எழும்பின. ஹேர் டிரையரால் சூடு காட்டி அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும், இரண்டு வாரம் கழித்து மறுபடி எழும்பும். ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவில்லை, மூலையைக் கதவின் உள்பக்கம் வரை மடக்கவும் இல்லை. இரண்டையும் செய்தபிறகு ஒரு வருடமாக எழும்பவில்லை. அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "மரத்தை ஏன்டா தண்ணில வச்சிருக்க?" என்று கேட்டார். அதைவிடப் பாராட்டு கிடைக்காது.

மாத்திரைடப்பா:

எல்லோரும் நிறம் பேசுகிறீர்கள். நான் மருந்துக்கடை வைத்திருப்பவன், உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். பட்டறை அண்ணன் சிலிகானில் வினிகர் வாசனை என்றார் இல்லையா? ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்து அதே வாசனை வந்தால் மாத்திரை ஈரம் குடித்துவிட்டது, உள்ளே அசிடிக் அமிலமாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதுதான். அட்டையில் '30 டிகிரிக்குக் கீழே, உலர்ந்த இடத்தில்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கீசர் போட்டு இரண்டு பேர் குளித்த பாத்ரூம் உலர்ந்த இடமா? வெளிநாட்டில் பாத்ரூம் அலமாரிக்கு மருந்து அலமாரி என்றே பெயர் வைத்ததால் நாமும் வைக்க ஆரம்பித்துவிட்டோம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சுகர் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, மொத்தமாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வாஷ்பேசின் மேல் வைத்திருந்தார். தெரியாமல் செய்கிறார்கள், திட்டவும் முடியவில்லை.

படுக்கையறை அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். பிரிட்ஜின் தலைமேலும் வேண்டாம், அங்கே சூடு. பாத்ரூமில் இருக்கலாம் என்றால் டெட்டால், பஞ்சு, பேன்ட் எய்ட் போதும்.

கோலமாவு:

சொல்கிறேன் என்றேனே, அந்த இரண்டாவது அலமாரி. பட்டறைவாசி சார் சொன்னதில் பாதியை முன்பே யாராவது சொல்லியிருந்தால் முதலாவதே மிஞ்சியிருக்கும். இந்த முறை அலுமினிய பிரேம், பக்கங்களுக்கு ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு), எவர்சில்வர் கீல். எளிதில் துருப்பிடிக்காத 304 ரகம்தானா என்று மூன்று தடவை கேட்டதில் கடைக்காரர் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நிறத்துக்கு, மிச்சமிருந்த டைல்ஸை உடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்குள் பார்க்கவில்லை, வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். சாம்பிள் துண்டுகளை முன்பணம் கொடுத்து வீட்டுக்கு வாங்கிவந்து, ராத்திரி எட்டு மணிக்கு பாத்ரூம் விளக்கில் ஒவ்வொன்றாகச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். கரும்பச்சைக்குக் கரும்பச்சை எதுவுமே ஒத்துவரவில்லை. கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் ஒன்றாக இல்லாமல் போனால் அதுதான் கண்ணை உறுத்துகிறது. கடைசியில் பச்சையை விட்டுவிட்டு, இரண்டு டைல்ஸுக்கு நடுவில் அடைத்த கிரவுட்டின் வெளிர் சாம்பலைப் பிடித்தேன். அது அலமாரி வெளியே தெரியாத மாதிரி சுவரோடு போய்விட்டது. மேலே இருந்த மஞ்சள் பல்பையும் எடுத்துவிட்டு, அதைவிட வெள்ளையான 4000 கெல்வின் பல்பு போட்டேன். முருங்கைக்கீரைக்குப் பாதிப் பழி அந்த பல்புதான்.

மாட்டிய மறுநாளே கண்ணாடியின் வலது ஓரத்தில் மூன்று மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. மாமியாரிடம் கேட்டால், "பொட்டை வேற எங்கேடி ஒட்டுவா?" என்கிறார்.

மாத்திரைடப்பா தம்பி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் அன்றைக்கே பீரோவுக்குப் போய்விட்டன. அவற்றுக்காகத்தான் அலமாரியை ஐந்து இஞ்ச் ஆழமாகச் செய்யச் சொல்லியிருந்தேன். இப்போது உள்ளே பேஸ்ட், ஷேவிங் செட், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ரப்பர் பேண்டுகள்.

பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் அலமாரியைத் தூக்கிப் போட மனம் வராமல் மொட்டைமாடிக் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். 2009-இல் வாங்கியது. கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, மற்றபடி கதவு இன்னும் சரியாக மூடுகிறது.