மில்ஸ் வார் ஈகிள்: முகப்பு அசலா, மறுவார்ப்பா?

நெவாடா மாநிலம் ரீனோவில் ஒரு மில்ஸ் வார் ஈகிள், அதாவது காசு போட்டு ஆடும் பழைய ஸ்லாட் மெஷின், விலைக்கு வந்திருக்கிறது. 1931 மாடல், 5 சென்ட் நாணயத்தில் ஆடுவது. 2,800 டாலர் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உள் இயந்திரம் பழையதுதான். மூன்று உருளைகளிலும் 20 படங்கள், சரி. படங்கள் அச்சிட்ட காகிதப் பட்டைகள் மட்டும் புதியவை. மூன்றாவது உருளை சில நேரம் தாமதமாக நிற்கிறது. உருளைகள் நிற்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் கடிகார விசிறியில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருப்பதே காரணம், கழுவினால் சரியாகிவிடும். பின்கதவில் பிலிப்ஸ் திருகுகள். அவை 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தன, ஆகவே பின்னால் மாற்றியவை. அதுவும் பெரிய குறையில்லை.

உறுத்துவது முகப்புதான், அதாவது கழுகு உருவம் உள்ள அலுமினிய முன்பக்க வார்ப்பு. இயந்திரத்தில் அடித்த எண்ணும் மரப்பெட்டியில் அடித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. கழுகின் இறகுக் கோடுகள் மழுங்கியிருக்கின்றன. மறுவார்ப்பில், அதாவது அசலை அச்சாக வைத்துப் பின்னாளில் ஊற்றிய நகலில், அப்படித்தான் இருக்கும். ஆனால் அசலையே பலமுறை தேய்த்து மெருகேற்றினாலும் அப்படி ஆகும். வண்ணமும் புதிது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பூதக்கண்ணாடியில் உள்பக்கத்தைப் பார்த்தேன், மணல் வார்ப்பின் சொரசொரப்பு தெரிகிறது. அசல், மறுவார்ப்பு இரண்டுமே மணல் வார்ப்பாக இருக்கலாம் என்பதால் அதிலும் முடிவு கிடைக்கவில்லை.

மிச்சமிருப்பது அளவு. அசலையே அச்சாக வைத்து ஊற்றினால், அலுமினியம் ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும், ஆகவே மறுவார்ப்பு அசலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். என் அளவு கையில் இருக்கிறது, ஒப்பிட அசல் இல்லை.

அசல் வார் ஈகிள் வைத்திருப்பவர்கள், கீழ் முகப்பு வார்ப்பின் அகலத்தை விளிம்பிலிருந்து விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து சொல்ல முடியுமா?