வளைத்தாலும் உடையாத படிகம்: உள்ளே மூலக்கூறுகள் என்ன செய்கின்றன?

கேள்வி:
படிகத்தை வளைத்தால் நொறுங்கிவிடும் என்றே படித்து வந்திருக்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணைந்து செய்த ஆய்வில், தாமிர அசிட்டைல்அசிட்டோனேட் என்ற சேர்மத்தின் ஊசி போன்ற படிகத்தை முடிச்சே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வளைத்துப் பிடித்ததை விட்டதும் அது பழையபடி நிமிர்ந்துவிடுகிறது. ஒழுங்கான அடுக்குதான் படிகம் எனில், வளைந்த நிலையில் அந்த ஒழுங்கு என்னவாகிறது? அதை எப்படி அளந்தார்கள்?

மறுமொழி 1:
முதலில் ஒரு சிறு கணக்கு. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள படிகத்தை 5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால், வெளிப்புறம் 1 சதவீதம் நீள வேண்டும், உட்புறம் அதே அளவு சுருங்க வேண்டும், நடுவில் மாற்றமே இருக்காது. ஆகவே ஒழுங்கு கலைவதில்லை. உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்குப் போகப் போக அலகுக்கூட்டின் (அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தின்) அளவு சிறிது சிறிதாக மாறுகிறது. இதைக் காண, மெல்போர்னிலுள்ள ஆஸ்திரேலிய சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி நிலையத்தின் மிக நுண்ணிய எக்ஸ்-கதிர்க் கற்றையை, வளைத்துப் பொருத்திய படிகத்தின் குறுக்கே புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் கட்டமைப்பைத் தனித்தனியாகத் தீர்மானித்தார்கள். மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகள் இழுபடவில்லை என்பதும், தட்டையான மூலக்கூறுகள் சற்றே திரும்பிக்கொள்வதால்தான் அடுக்கின் நீளம் கூடவும் குறையவும் செய்கிறது என்பதும் அதில் தெரிந்தன. விசையை விட்டதும் அவை பழைய கோணத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஆய்வு 2018-இல் நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் வந்தது.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் சாதாரண ஆய்வகக் கருவியின் அகலமான கற்றையை வைத்தே இதைப் பார்த்திருக்க முடியாதா?

மறுமொழி 1:
வளைந்த பகுதி முழுவதும் ஒரே கற்றைக்குள் அகப்பட்டால், வெவ்வேறு அளவும் திசையும் கொண்ட அலகுக்கூடுகளின் சிதறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எக்ஸ்-கதிர்ப் படத்தில் விழும் புள்ளிகள் நீண்டு கோடுகளாக இழுபட்டுத் தெரியும். படிகம் வளைந்திருக்கிறது என்பது புரியும்; எந்த மூலக்கூறு எவ்வளவு திரும்பியது என்பது புரியாது.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் இவ்விழையைப் படிப்பவர்கள் வளையும் படிகம் எல்லாமே இப்படித்தான் என்று எண்ணிவிடக்கூடும். ஹெக்சாகுளோரோபென்சீன் படிகமும் வளையும், ஆனால் நிமிராது. அதில் குளோரின் அணுக்கள் எதிரெதிரே நிற்கும் தளங்களில் ஈர்ப்பு வலுவற்றது என்பதால், சீட்டுக்கட்டைச் சாய்த்தது போல அடுக்குகள் வழுக்கி நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. மீட்சியுள்ள படிகத்தில் பொதுவாக அத்தகைய வழுக்குத் தளம் இருப்பதில்லை. 2012-இல் காஃபீனைக் கொண்டு உருவாக்கிய ஓர் இணைப்படிகம் (ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் சேர்ந்து அமைந்த படிகம்) மீட்சியுடன் வளைவதை இந்தியாவில் ஐஐஎஸ்இஆர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) கொல்கத்தா குழுவினர் காட்டியபோது, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி நிற்பதால் வழுக்க இடமில்லை என்பதையே காரணமாகச் சொன்னார்கள். இரண்டையும் தமிழில் 'நெகிழ்வு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்துக்கு இடமளிக்கிறது என்பது என் எண்ணம். நிமிர்வதை மீட்சி என்றும், நிமிராததைப் பிளாஸ்டிக் தன்மை என்றும் பிரித்து எழுதுவதே நல்லது.