வறட்சியில் கோதுமை: கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்

மத்தியப் பிரதேசத்தின் சீஹோர் பக்கம் வயல் வேலையாக இரண்டு ராபி (குளிர்காலச் சாகுபடி) பருவம் தங்கியிருந்தேன். அங்கே பாசனம் இல்லாத கரிசல் காட்டில், மழைக்காலம் விட்டுப்போகும் ஈரத்தை நம்பித்தான் கோதுமை போடுவார்கள். அதில் ஒரு வருடம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. நவம்பரில் போனால் மேல்மண் பொரபொரவென்று கிடக்கிறது. ஒரு விரல் நீளத்துக்குத் தோண்டிய பிறகுதான் மண் கையில் உருண்டை பிடித்தது.

காட்டுக்காரப் பெரியவர், வீட்டில் எடுத்து வைத்திருந்த சி-306 என்ற நெட்டைக் கோதுமை ரகத்தின் விதையை அந்த ஈரத்தில் விழும்படி ஆழமாக விதைத்தார். பக்கத்துத் துண்டில் அவர் தம்பி ஒரு குட்டை ரகத்தை அதே ஆழத்தில் விதைத்தார்.

பத்து, பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சி-306 வரிசை தவறாமல் முளைத்திருந்தது. தம்பியின் வயலில் திட்டுத்திட்டாக வெற்றிடம். ஓரிடத்தில் மண்ணை விலக்கினேன். விதை முளைத்துத்தான் இருந்தது. ஆனால் குருத்தைப் போர்த்தி மேலே கொண்டுவர வேண்டிய உறை பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. அதைத் தாண்டி வந்த இளம் இலை மண்ணுக்குள்ளேயே மஞ்சளாகச் சுருண்டு கிடந்தது. பயிரைக் குட்டையாக்கும் மரபணு அந்த உறையையும் குட்டையாக்கிவிடும் என்று படித்திருக்கிறேன். அந்த இலையைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது. வறட்சி என்றால் கதிர் காய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தம்பி 21-ம் நாள், மேல்வேர் பிடிக்கும் சமயம் பார்த்து, கிணற்றில் இருந்த தண்ணீரை விட்டார். அந்தப் பருவத்துத் தண்ணீர்தான் கோதுமைக்கு முக்கியம். இருந்த பயிர் நன்றாகத் தூர் கட்டியது, வெற்றிடம் அப்படியே இருந்தது.

இதனால் எல்லோரும் சி-306 போடுங்கள் என்று சொல்லமாட்டேன். 1965-ல் வந்த நெட்டை ரகம் அது. தண்ணீரும் யூரியாவும் தாராளமாகக் கொடுத்தால் சாய்ந்துவிடும். மோட்டார் பாசனம் உள்ள இடத்தில் குட்டை ரகம்தான் கூடுதலாக விளையும்.

*

நீங்கள் சொன்னதைப் படித்தேன் அண்ணா, நான் பார்த்தது வேறு மாதிரி. 2022 மார்ச்சில் பஞ்சாபின் லூதியானா பக்கம் இருந்தேன். இந்தியாவில் 1901-க்குப் பிறகு பகல் வெப்பம் அவ்வளவு உயர்ந்த மார்ச் அதுவரை வந்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, ஆனாலும் பால் பிடிக்கும் நேரத்து வெயில் பயிரை முன்னதாகவே பழுக்க வைத்துவிட்டது. மணியைக் கசக்கிப் பார்த்தால் தோல் சுருங்கி, நடுப்பள்ளம் ஆழமாகத் தெரிந்தது. கொள்முதலில் சூம்பிய மணிக்கு இருந்த 6 சதவீத வரம்பை அரசே 18 சதவீதமாகத் தளர்த்த வேண்டி வந்தது.

அண்ணா, நெட்டை ரகம் தண்டில் சேர்த்த சர்க்கரையைக் கடைசியில் மணிக்கு இறக்கும் என்பார்களே, அந்தப் பெரியவர் வயலில் மணி எப்படி இருந்தது?

*

நன்றாகத் திரண்டிருந்தது தம்பி. மூட்டை குறைவுதான். அதிலும் முதலில் விதைக்கு என்று தனியாகப் புடைத்து எடுத்து வைத்தார். தன் தம்பிக்கும் சேர்த்து.